புளூட்டோ ராணியின் மணவறை

மார்கழியில் லண்டனில் ஒரு தமிழ்க் கல்யாணமும் நடக்காது. மணவறை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு அது கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற மாதம். கோலியர்ஸ் வுட் புவனேந்திரனின் மணவறையும் போர்வை மூடி, சாமான் அடுக்குகிற யூனிட்டில் கிடந்தது: தூண் நாலு, யானை இரண்டு, மேலே தோகை விரித்த மயில், நடுவில் மனைவி உறை தைத்த சிவப்பு வெல்வெட் இருக்கை. அப்படியான ஒரு மார்கழியில்தான் காரெத் என்றொரு வெள்ளைக்காரர் போன் எடுத்து, உங்களிடம் ஒரு சிம்மாசனம் இருக்கிறதாமே, ஒரு நாளைக்குத் தரமுடியுமா என்று கேட்டார்.

என்ன படம் என்று புவனேந்திரன் கேட்டார். விண்வெளிக் கதை, முழுக்கப் பகிடி, சிரிப்புப் படம் என்றார் காரெத். இரண்டும் உண்மைதான். மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதைக் காரெத் சொல்லவில்லை, இவரும் தோண்டிக் கேட்கவில்லை. சும்மா கிடக்கிற சாமான்தானே என்று தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

படப்பிடிப்பு நடந்தது மூடிப்போன ஒரு கம்பளக் கடையில். சுவரெல்லாம் முட்டைத் தட்டை ஒட்டி, அதன்மேல் சமையல் ஃபொயில் சுற்றியிருந்தார்கள். அதுதான் விண்கலம். பழைய வோஷிங் மெஷினின் கதவு அதற்கு ஜன்னல். துப்பாக்கி என்று ஆளுக்கொரு ஹெயார் டிரையரைக் கையில் பிடித்திருந்தார்கள். உடம்பு முழுக்கப் பச்சைச் சாயம் பூசிய மூன்று பெண்கள் டிரெஸ்ஸிங் கவுனுக்குள் நடுங்கிக்கொண்டு தேத்தண்ணி குடித்தார்கள். கோப்பையெல்லாம் பச்சை. புளூட்டோவில் ஆண்களே இல்லாமல் போனதால் ராணி பூமிக்கு வந்து ஒரு பிளம்பரைத் தூக்கிப்போகிறாளாம். படத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் 'புளூட்டோ ராணியின் பள்ளியறை' என்று வரும். எழுபதுகளில் இந்த நாட்டில் இப்படிப் படங்கள் வரிசையாக வந்தன, அந்தக் காலத்தைத் திரும்பக் கொண்டுவரப் போகிறோம் என்று காரெத் பெருமையோடு சொன்னார். திரும்பக் கொண்டுவர உலகத்தில் வேறு ஒன்றும் கிடைக்கவில்லை போலும்.

மணவறையைத் துண்டு துண்டாகப் பொருத்திப் பூட்டி முடித்ததும், செருப்போடு மட்டும் ஒருவரும் ஏறக்கூடாது என்று புவனேந்திரன் கண்டிப்பாகச் சொன்னார். அவர்களும் மரியாதையாகச் செருப்பைக் கழற்றினார்கள். பிறகு மற்றதையும் கழற்றினார்கள்.

புவனேந்திரனுக்குக் காது இரண்டும் கொதித்தது. 'நிப்பாட்டுங்கோ, இது எங்கட பிள்ளையள் தாலி கட்டுற இடம்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதை எந்த இங்கிலீஷில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்து வானுக்குள் ஏறி மூன்று மணிநேரம் இருந்தார். ஒருமுறை கடைக் கதவு திறந்தபோது எட்டியும் பார்த்தார். ஃபொயில் சுவர் அப்படியே சரிந்து பிளம்பரின் வெறும் முதுகில் விழுந்தது. பாவி மனிதர், சிரித்துவிட்டார். மற்ற எதையும்விட அந்தச் சிரிப்புத்தான் பிறகு அவரைத் தின்றது.

மாலையில் மணவறையைக் கழற்றிக் கொண்டுவந்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாம்பிராணி காட்டினார். வெல்வெட்டில் பிடித்திருந்த பச்சை எங்கேயிருந்து வந்தது என்று மனைவி நாகேஸ்வரி கேட்டாள். நாடகக்காரர் ஆரோ கேட்டவை, குடுத்தனான் என்றார். அவள் அந்த வெல்வெட்டைக் கழுவி, போகாத இடத்தை மறைத்துத் தன் கையால் தங்கச் சரிகை தைத்தாள். தை பிறந்தது. ஆனி முடிவதற்குள் அந்த மணவறையில் பதினெட்டுக் கல்யாணம் நடந்தது.

ஆடி மாதம் வீடியோத் துண்டு ஒன்று வட்ஸப்பில் வந்தது. லண்டன் தமிழர் கல்யாணச் சேவைகள் என்று ஒரு குழு இருக்கிறது. ஐயர்மார், பூக்காரர், சமையல்காரர், கல்யாண வீட்டுக்காரர் என்று எல்லோரும் அதற்குள். அங்கேதான் வந்து விழுந்தது. நாற்பது செக்கன்தான் ஓடியது. பச்சை ராணி மணவறையில் சாய்ந்திருக்கிறாள், பிளம்பர் பைப் ரென்ஞ்சோடு முழங்காலில் நிற்கிறார், பின்னால் நம்முடைய மயில். 'இது எவன்ரை மணவறை?' என்று கீழே ஒருவர் கேட்டிருந்தார்.

பத்தே நிமிடத்தில் ஊர் பதிலைக் கண்டுபிடித்துவிட்டது. லூயிஷாம் சற்குணத்தின் மணவறை!

ஏன் சற்குணம் என்றால் அதற்கும் காரணம் புவனேந்திரன்தான். ஏழு வருடத்துக்கு முன் இரண்டு பேரும் சேர்ந்து சென்னைக்குப் போய், ஒரே பட்டறையில், ஒரே அச்சில் வார்த்த இரண்டு மணவறைகளை ஒரே கொண்டெய்னரில் போட்டு இறக்கினார்கள். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. சற்குணம் இளம் ஆள், தன்னுடையதைப் படம் படமாகப் பேஸ்புக்கில் போட்டு வைத்திருந்தார். புவனேந்திரனுக்குப் பேஸ்புக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒரு கல்யாண வீடு பார்த்து மற்றக் கல்யாண வீடு கூப்பிடுகிற தொழில். ஆகவே தேடியவர்களுக்குச் சற்குணத்தின் மயில்தான் கிடைத்தது.

அன்றிரவே சற்குணம் புவனேந்திரனுக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, என்னை நாறடிக்கிறாங்கள். என்ரை மணவறை யூனிட்டை விட்டு வெளிக்கிடவே இல்லை. அங்கை இந்தியாவிலை பட்டறைக்காரன் எத்தினை பேருக்கு அதே அச்சிலை செய்து குடுத்திருப்பான். நீங்கள் ஒருக்கா குழுவிலை சொல்லுங்கோ அண்ணை. நீங்கள் சொன்னா நம்புவினம்."

"பாப்பம் தம்பி," என்றார் புவனேந்திரன். "ரெண்டு நாளிலை அடங்கிடும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் நாகேஸ்வரி அதே வீடியோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள். "இந்த வெல்வெட் நான் தைச்சது. மடிப்பு என்ரை மடிப்பு. அந்தப் பச்சை நாடகப் பச்சை இல்லை, என்ன?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். வானுக்குள் இருந்ததையும் சொன்னார். சிரித்ததைச் சொல்லவில்லை. நாளைக்கே குழுவில் உண்மையைப் போடப்போகிறேன் என்றார். அவள் வைவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"வாயைத் திறக்காதேங்கோ," என்றாள். "உங்கடை பேருக்காகச் சொல்லேல்லை. பதினெட்டுப் பிள்ளையள் அதிலை இருந்து தாலி கட்டினதுகள். கனகாம்பிகையின்ரை மூத்த மகள், தையிலை அதிலை இருந்தவள், இப்ப அஞ்சு மாச வயித்தோடை இருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு என்ன எண்டு சொல்லுவீங்கள்? உன்ரை கலியாணப் படத்திலை இருக்கிற கதிரையிலை இதெல்லாம் நடந்தது எண்டோ?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. கோழைக்குத் துணையாக நியாயமும் வந்து நின்றுவிட்டால் பிறகு அவனை அசைக்க முடியுமா? புவனேந்திரன் பேசாமல் இருந்துவிட்டார்.

ஒரு கிழமை, ஏழு நாள் போனது. சற்குணத்துக்கு ஆவணியில் ஐந்து கல்யாணம் இருந்தது. நாலு பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். சற்குணத்தின் மகளைக் கோடை விடுமுறை வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் 'புளூட்டோ' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவருடைய மனைவி கடைக்குப் போவதையே விட்டுவிட்டாள். இரண்டாம் கிழமை சற்குணம் புவனேந்திரனின் வீட்டுக்கே வந்தார். ஷேவ் எடுக்காத முகம். நாகேஸ்வரி தோசை வார்த்து வைத்தாள். ஒன்றைப் பிய்த்துப் பிய்த்து வைத்துவிட்டு எழும்பினார்.

"மிஞ்சினது கனகாம்பிகை அக்காவின்ரை கலியாணம் ஒண்டுதான் அண்ணை, சின்ன மகள் ஆரணிக்கு," என்றார். "அவ ஒரு நிபந்தனை வைச்சிருக்கிறா. ஆர்ச்வே முருகன் கோயில் வாசலிலை கற்பூரம் கொளுத்தி அடிச்சுச் சத்தியம் பண்ணினா நம்புறன் எண்டுறா. அவ நம்பினா ஊர் நம்பும். நான் அடிக்கிறன். எனக்கென்ன பயம்? நீங்களும் அக்காவும் சாட்சிக்கு வந்து நிண்டாக் காணும்."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சனிக்கிழமை நாலு பேரும் ஆர்ச்வேயில் நின்றார்கள்.

கனகாம்பிகை கணவனை இழந்தபின் இரண்டு பெண்களைத் தனியாக வளர்த்தவள். சொன்னால் சொன்னதுதான். வீட்டிலிருந்தே எவர்சில்வர் தட்டும் கற்பூரமும் கொண்டுவந்திருந்தாள். கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, சுவரோரம் காற்றுப் படாத இடத்தில் தட்டை வைத்துக் கொளுத்தினாள். மேட்டில் ஏறிக்கொண்டிருந்த பஸ்ஸிலிருந்து ஒரு குழந்தை பார்த்துக்கொண்டு போனது.

சற்குணம் சேர்ட் கையை மடித்தார். "முருகா! அந்தப் படத்திலை நிக்கிறது என்ரை மணவறை இல்லை. என்ரை எண்டால் என்ரை பிள்ளை எனக்கு இல்லை," என்று உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். சுவாலை அணைந்தது. கண் நிறைந்துபோயிருந்தது.

கனகாம்பிகை நெடுநேரம் அவர் முகத்தைப் பார்த்தாள். "சரி தம்பி. நான் நம்புறன்," என்றாள். பிறகு புவனேந்திரனின் பக்கம் திரும்பினாள். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. அதே அச்சு உங்களிட்டையும் இருக்குதெல்லோ. என்ரை மூத்தது உங்கடையிலைதானே இருந்தது. என்ரை மன ஆறுதலுக்கு நீங்களும் ஒருக்கா அடிச்சு விடுங்கோவன்."

இன்னொரு கட்டிக் கற்பூரத்தைத் தட்டில் வைத்தாள்.

புவனேந்திரன் வாய் திறக்கும் முன்னே சற்குணம் குறுக்கே வந்து நின்றார்.

"என்னக்கா கதைக்கிறியள்! அண்ணையைப் போய்ச் சத்தியம் பண்ணச் சொல்லுறியளோ? எனக்குத் தொழில் பழக்கினதே அவர்தான். இப்பிடி ஒண்டு எண்டால் அடுத்த நிமிசமே எனக்குச் சொல்லியிருப்பார். அவருக்காண்டி நான் அடிக்கிறன், தாங்கோ!" என்று தட்டுக்குக் கை நீட்டினார்.

தன் பிள்ளை பேரில் இன்னொரு முறை, இந்தத் தடவை பொய்யாக, அந்த மனிதன் அடிக்கப் போகிறான். புவனேந்திரன் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார்.

"அடியாதை," என்றார். "அது என்ரை."

ஒருவருக்கும் விளங்கவில்லை. அவர் திரும்பச் சொன்னார். "படத்திலை நிக்கிறது என்ரை மணவறை. மார்கழியிலை நான்தான் கொண்டுபோய்க் குடுத்தனான். வாசலிலை வானுக்குள்ளை இருந்தனான். தெரிஞ்சுகொண்டுதான் இருந்தனான். பாத்துச் சிரிச்சும் இருக்கிறன்."

சற்குணம் பிடியிலிருந்து கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். கோபம்கூட வரவில்லை அவருக்கு. நாகேஸ்வரியைப் பார்த்தார். "அக்கா, உங்களுக்குத் தெரியாதுதானே?" என்று கேட்டார்.

நாகேஸ்வரி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "சொல்ல வேண்டாம் எண்டு நான்தான் தம்பி தடுத்தனான்," என்றாள். சற்குணம் சுவரில் சாய்ந்து அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

கனகாம்பிகையின் முகத்தில் ஈயாடவில்லை. எதையோ எண்ணுவது போல உதடு அசைந்தது. பிறகு, ஆச்சரியம், அவள் குரல் தாழ்ந்துபோனது.

"சரி. நடந்தது நடந்துபோச்சு. இது எங்கட நாலு பேரோடை நிக்கட்டும்," என்றாள். "என்ரை பிள்ளை வயித்திலை பிள்ளையோடை இருக்கிறாள். இதைக் கேட்டால் தாங்க மாட்டாள். சற்குணம் தம்பிக்கு ஆரணியின்ரை கலியாணத்தை நான் தாறன். ஒருத்தரும் மூச்சு விடவேண்டாம். நாகேஸ்வரி, சொல்லுங்கோவன்."

நாகேஸ்வரி தலையாட்டினாள். உண்மை வேண்டும் என்று கற்பூரம் கொண்டுவந்த மனுஷி! உண்மை தன் வீட்டு வாசலில் வந்து நின்றதும் கதவைச் சாத்துகிறாள். அவளைக் குறை சொல்லி என்ன, புவனேந்திரன் இரண்டு கிழமையாகச் செய்ததும் அதைத்தானே.

"அப்ப என்ரை பேர்?" என்று நிலத்திலிருந்து சற்குணம் கேட்டார்.

கனகாம்பிகை தட்டிலிருந்த கற்பூரத்தை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

"என்ரை பிள்ளை திங்கக்கிழமை வகுப்புக்குப் போகவேணும் அக்கா. அவளை என்னெண்டு கூப்பிடுவினம்?"

புவனேந்திரன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். வட்ஸப் குழுவைத் திறந்து மைக்கை அமத்திப் பிடித்தார். "வேண்டாம் அண்ணை, கும்பிட்டுக் கேக்கிறன்," என்று கனகாம்பிகை கையைப் பிடித்தாள். அவர் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் கோலியர்ஸ் வுட் புவனேந்திரன் கதைக்கிறன். அந்த வீடியோவிலை இருக்கிறது என்ரை மணவறை. சற்குணத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தையிலை இருந்து என்னட்டை எடுத்த பதினெட்டு வீட்டுக்காரரும் என்னை என்ன கேக்கிறதெண்டாலும் கேளுங்கோ. பிழை என்னிலை."

விரலை எடுத்தார். அடுத்த நொடியே நாகேஸ்வரியின் போன், கனகாம்பிகையின் போன், சற்குணத்தின் போன் என்று ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டன. எல்லோரும் அதே குழுவில்தானே இருந்தார்கள்.

சற்குணம் எழும்பிக் காற்சட்டைத் தூசியைத் தட்டினார். நன்றி என்றும் சொல்லவில்லை, போயிட்டு வாறன் என்றும் சொல்லவில்லை. ஸ்டேஷன் பக்கமாக இறக்கத்தில் நடந்து போனார். புவனேந்திரன் கூப்பிடவில்லை. கூப்பிட அவருக்கு வாய் ஏது?

"படுபாவி," என்று கனகாம்பிகை அழத் தொடங்கினாள். அழுதுகொண்டிருக்கும்போதே அவள் கையிலிருந்த போன் அடித்தது. திரையில் மூத்தவளின் படம், சிவரூபினி, கல்யாணக் கோலத்தில். பின்னால் மயில்.

அவள் எடுக்கவில்லை. அடித்து நின்றது. திரும்பவும் அடித்தது. மூன்றாம் முறை அடித்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைப் புவனேந்திரனிடம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லுங்கோ."

அவர் வாங்கிக் காதில் வைத்தார். "அம்மா?" என்றது அந்தப் பக்கம்.

"அம்மா இல்லை, பிள்ளை. புவனேந்திரன் அங்கிள்."

"அங்கிள், இப்ப வந்த வொய்ஸ் மெசேஜ். அது எங்கட வெடிங்கிலை வைச்சதில்லைத்தானே? வேறை ஒண்டுதானே?"

பொய் சொல்ல அதைவிட நல்ல இடம் ஒருவருக்கும் கிடைக்காது. கனகாம்பிகை கை கூப்பிக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதேதான், பிள்ளை," என்றார் புவனேந்திரன்.