கருப்பை மேல் போட்ட பழி

டாக்டர் வில்யாலோனுக்கு இரண்டு கைகள் இருந்தன. ஒன்று கையெழுத்துப் போட, இன்னொன்று கைக்குட்டையால் நெற்றியைத் துடைக்க. நோயாளியைத் தொட்டுப் பார்க்க மூன்றாவதாக ஒன்று அவருக்கு இல்லை என்பதைப் பெர்லிட்டா சுமகாய்சாய் முதல் நாளே கண்டுகொண்டாள். இலோயிலோ நகரில் ஹாரோவுக்கும் மோலோவுக்கும் இடையே பதினான்கு வருஷமாக ஜீப்னி என்கிற ஷேர் வண்டியை ஓட்டுகிறவள் அவள். ஏறுகிற ஆள் காசு கொடுப்பானா, தூங்குவதுபோல் நடிப்பானா என்று கண்ணாடியில் பார்த்தே சொல்லிவிடுவாள். ஒரு டாக்டரை எடைபோட அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

அவள் போனது வலது காலுக்காக. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் இடுப்பின் உள்ளிருந்து சுரீரென்று ஒன்று கிளம்பி, தொடையின் பின்பக்கமாக இறங்கிப் பாதம்வரை போனது. சில நாள் பாதம் மரத்தே போனது. போன மாதம் பள்ளிக்கூட வாசலில் ஜீப்னி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்குப் பிடித்த பயம் அவளை விடவில்லை. கால் போனால் வண்டியும் போயிற்று. வேறு தொழில் அவளுக்குத் தெரியாது.

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு நன்றாக இருக்கிறது, இது பெண்கள் சமாசாரம் என்று கைகழுவினார். அப்படித்தான் அரசு ஆஸ்பத்திரியின் மகளிர் பிரிவுக்கு, அதன் தலைவர் வில்யாலோனிடம் வந்து சேர்ந்தாள். அவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எலுமிச்சையைவிடப் பெரிய கட்டி. பெண்ணின் இடுப்புக்குள் ஒன்று வளர்ந்தால் அது கருப்பையுடையதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சூலகத்துடையதாக இருக்க வேண்டும். வேறு எதற்கும் அங்கே குடியிருக்க அவர் அனுமதி கொடுத்ததில்லை. வலது சூலகத்தில் கட்டி, புற்றாகவும் இருக்கலாம், கருப்பையோடு எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று எழுதினார். காலைப் பற்றி அவள் மூன்று தரம் சொன்னாள். மூன்றாவது தரம் பெரிய மனது பண்ணிப் பதில் சொன்னார்.

"டிரைவர்னா கால் வலிக்கத்தான் செய்யும். இது பொம்பள செய்ற வேலையா? புருஷன ஓட்டச் சொல்லு."

அவள் புருஷன் நோனோய் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து காசு வாங்குகிறவன். சைக்கிளில் ஏறினாலே வேலியைத் தேடிப் போய் விழுவான். அவனிடம் ஜீப்னியைக் கொடுக்கச் சொல்கிற ஆளிடம் தன் வயிற்றைக் கொடுக்கப் போகிறோமே என்று நினைத்தபோது பெர்லிட்டாவுக்குச் சிரிப்பு வந்தது.

அறுவைக்கு முந்தின வாரம், வெறும் ஒரு கையெழுத்துக்காக அவளை டாக்டர் அனலின் தமாயோவிடம் அனுப்பினார்கள். வில்யாலோனுக்குக் கீழே வேலை பார்க்கும் குள்ளமான பெண். காலையிலிருந்து உட்காரவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். அவளோ கையுறையை மாட்டிக்கொண்டு, பெர்லிட்டாவைப் படுக்கவைத்து உள்ளே விரல்விட்டுப் பார்த்தாள். கருப்பை தளர்வாக அசைந்தது. கட்டி அதற்குப் பின்னால், முதுகெலும்பின் அடியோடு ஒட்டி, அசையாமல் இருந்தது. தானே ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தாள். இரண்டு சூலகமும் கட்டியோடு எந்த உறவும் இல்லாமல் தத்தம் இடத்தில் இருந்தன. மறுபடி விரலால் கட்டியை மெல்ல அழுத்தினாள். பெர்லிட்டாவின் வலது கால் தானாகத் துள்ளியது.

"எதுவரைக்கும் போச்சு, மனாங்?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள் தமாயோ.

"பாதம் வரைக்கும். பிரேக்க மிதிச்சா வர்ற அதே எழவுதான், டாக்டர்."

இது கருப்பைக் கட்டியும் இல்லை, சூலகக் கட்டியும் இல்லை என்றாள் தமாயோ. காலுக்குப் போகும் நரம்பின் உறையில் வளர்ந்தது. அபூர்வம், ஆனால் பெரும்பாலும் புற்று இல்லை. வண்டியின் மின்கம்பியில் சுற்றிய டேப் ஓரிடத்தில் உருண்டு தடித்ததுபோல என்றதும் பெர்லிட்டாவுக்குப் புரிந்துவிட்டது. சூலகக் கட்டி என்று நினைத்து முழுசாக வெட்டி எடுத்தால் நரம்பும் சேர்ந்து போகும். பிறகு பாதம் எதையும் மிதிக்காது. உறையைக் கீறி, நரம்பிழைகளை ஒதுக்கிவிட்டு, உள்ளே இருப்பதை மட்டும் பொறுமையாகத் தோண்டி எடுக்க வேண்டும். அதற்கு நரம்பு அறுவை டாக்டரும் கூட நிற்க வேண்டும்.

இதையெல்லாம் கேஸ் தாளில் எழுதி, எம்ஆர்ஐ படம் வேண்டும் என்று கேட்டாள். வில்யாலோன் வராந்தாவில் மாணவர்கள் முன்னால் அவளை நிறுத்தி, உன் விரலில் மெஷின் முளைத்திருக்கிறதா என்று கேட்டார். மாணவர்கள் சிரித்தார்கள். மதிப்பெண் போடுகிறவர் அவர் என்பதால் நன்றாகவே சிரித்தார்கள். தமாயோ எழுதியதை அடிக்கவில்லை. பெர்லிட்டாவும் அந்தப் படம் வரும்வரை சம்மதத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

படம் வந்தது. கட்டி தமாயோ சொன்ன இடத்தில், சொன்ன நரம்பில் இருந்தது. தனக்கு முதலிலேயே ஒரு சந்தேகம் இருந்ததாக வில்யாலோன் அன்றிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். அதை நம்பியவர் அவர் ஒருவர்தான். அறுவைக்கு வேறு தேதி குறித்தார்கள்.

தமாயோவும் நரம்பு டாக்டரும் ஐந்து மணி நேரம் நின்று கட்டியை எடுத்தார்கள். கருப்பையும் சூலகமும் இருந்த இடத்திலேயே இருந்தன. அப்போதே ஒரு துண்டைச் சோதித்துப் பார்த்ததில் புற்று இல்லை. ஆனால் நரம்பைத் தொட்டு நகர்த்தியிருக்கிறோம், அது சில நாள் உறங்கலாம், உறங்கியே போனாலும் போகலாம் என்று தமாயோ மறைக்காமல் சொல்லியிருந்தாள். மறுநாள் காலை பெர்லிட்டா வலது காலை அசைக்காமலே படுத்திருந்தாள். அழுத்திப் பார்த்து அது அழுத்தவில்லை என்றால் என்ன செய்வது? தமாயோ வரட்டும் என்று இருந்தாள்.

வந்தது வில்யாலோன். பின்னால் எட்டு மாணவர்கள். அவள் முகத்தைப் பார்க்காமல், தன் பிரிவில் தான் கண்டுபிடித்த அபூர்வக் கட்டி என்று ஆரம்பித்தார். நரம்பைக் காப்பாற்றத் தான் போட்ட திட்டத்தை விவரித்தார். பிறகு போர்வையை விலக்கி அவளுடைய இடது காலைப் பிடித்து, உள்ளங்காலில் கையை வைத்து அழுத்தச் சொன்னார். அவள் அழுத்தினாள்.

"பாத்தீங்களா, நரம்புக்கு ஒண்ணுமே ஆகல," என்றார். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் எழுதாமல் தரையைப் பார்த்தாள்.

பெர்லிட்டாவுக்குக் கோபம் தலைக்கேறியது. வாய் வலிக்கச் சொல்லியும், எந்தக் கால் என்றுகூட இந்த மனிதர் காதில் வாங்கவில்லை. காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"டாக், நீங்க புடிச்சிருக்கிறது கிளட்ச் கால்," என்றாள். "பிரேக் இந்தப் பக்கம்."

போர்வைக்குள்ளிருந்து வலது காலை இழுத்து, அவர் கையை எடுப்பதற்குள் அதன்மேல் வைத்து மிதித்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கட்டைவிரல் மடங்கியது, பாதம் இறங்கியது, கை பின்னால் போனது, கையோடு டாக்டரும் போனார். வயிற்றுத் தையல் உயிரை எடுத்தது. அவள் காலை எடுக்கவில்லை.