ஒன்பதாம் அறைக்கு ஒரு ஷாம்பேன்

ஷாம்பேன் பாட்டிலைக் காதோடு சேர்த்து வைத்தால், அதைக் குடிக்கப்போகிறவர் எதற்குப் பயப்படுகிறார் என்பது பெர்சிஸுக்குக் கேட்கும். ஐந்தருவிச் சாலையில் அகிலாண்டேஸ்வரி அம்மாள் நடத்தும் தங்கும் விடுதியில் அவள் பதினோரு வருடமாக ஸ்டோர் பொறுப்பில் இருக்கிறாள். ஒரு சொட்டுக்கூடக் குடித்தவள் அல்ல. அவள் போகிற வேதக்கோயிலில் திருவிருந்துக்கே திராட்சைச் சாறுதான். தென்காசியில் அவளுடைய அப்பா ஏசுதாசன் சோடா கம்பெனி வைத்திருந்தபோது, கேஸ் கசிகிறதா என்று ஒவ்வொரு பாட்டிலையும் காதில் வைத்துப் பார்த்துத்தான் பெட்டியில் அடுக்குவார். மகளுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. விடுதிக்கு முதன்முதலாகப் பிரான்சிலிருந்து ஷாம்பேன் வந்த வருடம், நான்காம் அறைக்குப் போகவேண்டிய பாட்டிலை அவள் அப்படி வைத்துப் பார்த்தபோது கேஸ் கசியவில்லை. தன் மனைவி அந்தப் பழைய கடிதத்தைப் படித்துவிடுவாளோ என்று ஓர் ஆண் உள்ளே முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அவள் பாட்டிலைத் துடைத்து, தட்டில் வைத்து அனுப்பிவிட்டாள். அந்த வருடம் தேங்காய் விலை இறங்கியிருந்தது.

அதன் பிறகு எல்லாப் பாட்டில்களும் பேசின. மதுரையிலிருந்து வந்த எலும்பு டாக்டருக்கு மாடிப்படி பயம். மேடையில் மணிக்கணக்காக முழங்குகிற ஒருவருக்குப் பல்லி. புதுமணப்பெண் ஒருத்திக்கு மாமியார் வீட்டுப் பிரஷர் குக்கர். கேட்டதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அறை எண்ணை மட்டும் ஒரு துண்டுத்தாளில் குறித்துவைத்து, இரவு ஜெபத்தில் "ஏழாம் அறைக்காரரை நினைத்தருளும்" என்று வேண்டிக்கொள்வாள். ஆனால் அடுத்தவர் பயம் கையில் மஞ்சள் ஒட்டுவதுபோல அவள்மேல் ஒட்டிக்கொண்டது. படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்தாள். குக்கர் விசிலடித்தால் கொல்லைப்பக்கம் ஓடினாள். "ஏட்டி, என்ன பல்லியப் பாத்துப் பேயப் பாத்தமாரி அலறுத?" என்று கணவன் கிங்ஸ்லி கேட்டால், "நான் அலறல, அது வேற ஆளு" என்பாள். கிங்ஸ்லி நல்லவன், அதற்குமேல் கேட்கமாட்டான்.

இரண்டு வருடத்துக்கு முந்தின ஆடியில் அகிலாண்டேஸ்வரி அம்மாளுக்கு ஓர் ஆசை வந்தது. ஷாம்பேன் தயாரிக்கும் கம்பெனியைப் பிரான்சில் வீடு என்பார்கள். பெரிய ஊர் ஓட்டல்களில் இருப்பதுபோல, அப்படிப் பேர்போன வீடுகளிலிருந்து ஆறே ஆறு ஷாம்பேன் தேர்ந்தெடுத்து விலைப்பட்டியல் அட்டையில் அச்சடிக்கவேண்டும். பதினான்கு வீடுகளின் பாட்டில்கள், வீட்டுக்கு மூன்றாக நாற்பத்திரண்டு, வந்து இறங்கின. தேர்ந்தெடுக்க இலஞ்சியிலிருந்து விஜயசங்கர் அழைக்கப்பட்டார். பழைய பண்ணைக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உல்லாசக் கப்பல் கம்பெனி ஒன்றுக்கு இருபத்திரண்டு வருடம் ஷாம்பேன் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர். சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த நிலவறைகளில் நடந்திருக்கிறார். பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்து நாளுக்குக் கொஞ்சமாகத் திருப்புகிறவர்களோடு உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறார். வெள்ளைத் திராட்சை மட்டும் போட்டது, கறுப்புத் திராட்சையைத் தோல் நிறம் இறங்காமல் பிழிந்தது, நல்ல விளைச்சல் வருடத்தை மட்டும் தனியாக எடுத்துவைத்தது என்று அவர் பிரித்துச் சொல்லும்போது சமையல்கட்டே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கும். ஒன்பதாம் அறை அவருக்கு.

தேர்வு தொடங்குமுன், விடுதியின் பழைய இருப்பிலிருந்து அவருக்குப் போன முதல் பாட்டிலைப் பெர்சிஸ் காதில் வைத்தாள். 'எனக்கு வாசம் தெரியாது என்று கண்டுபிடித்துவிட்டால்?' நான்கு வருடத்துக்கு முன் வந்த காய்ச்சலில் அவருக்கு மூக்கில் வாசமும் நாக்கில் ருசியும் போய்விட்டன. கப்பல் வேலையை விட்டு ஊருக்கு வந்த காரணம் அதுதான். லேபிளைப் பார்த்து, பழைய ஞாபகத்திலிருந்து வாசனையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பெர்சிஸ் அன்றிலிருந்து பாட்டிலின் லேபிள் அவர் பக்கம் பார்த்திருக்கும்படி தட்டில் வைத்தாள். அவரும் ஒருமுறை அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

அப்போது சாரல் காற்றில் பெரிய மரம் ஒன்று மின்கம்பியில் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் அறைகளுக்கே போதவில்லை. ஸ்டோர் பிரிட்ஜ் செத்துப்போனது. சமையல்கட்டுச் சுடலைமுத்து, மங்குஸ்தானையும் சோடாவையும் குளிரவைக்க எப்போதும் செய்வதைச் செய்தான். நாற்பத்திரண்டு பாட்டிலையும் சாக்கில் கட்டி, விடுதிக்குப் பின்னால் அருவித் தண்ணீர் ஓடுகிற கால்வாயில் இறக்கிவிட்டான். மூன்றாம் நாள் எடுத்தபோது ஒன்றிலும் லேபிள் இல்லை. கழுத்தைச் சுற்றியிருந்த தங்கத்தாளைச் சாக்லேட் என்று நினைத்துக் குரங்குகள் சாக்கைப் பிரித்து உரித்துவிட்டன. நாற்பத்திரண்டும் ஒரே பச்சைக் கண்ணாடியாக நின்றன.

"சாக்லேட்டுன்னு நெனச்சிட்டு போலுக்கு யக்கா," என்றான் சுடலைமுத்து, தலையைச் சொறிந்தபடி. "ஆனா நல்லா குளுந்திருக்கு. தொட்டுப் பாருங்க."

பெர்சிஸ் ஒவ்வொரு பாட்டிலாகத் திருப்பி, லேபிளின் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். அகிலாண்டேஸ்வரி அம்மாளுக்கோ சந்தோஷம். "அதுவும் நல்லதுக்குத்தான். கண்ணக் கட்டிட்டு ருசி பாக்குத மாரி ஆச்சுல்லா? அண்ணாச்சிக்கு இதெல்லாம் சுண்டைக்கா," என்று சொல்லி, புதன்கிழமை மதியம் வீரகேரளம்புதூர், தென்காசியிலிருந்து தெரிந்தவர்களை விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டாள். விருந்தன்று அம்மாளே பாட்டிலின் கம்பியையும் தக்கையையும் மறைவில் கழற்றி, தக்கையில் பொறித்திருந்த பெயரைத் தன் கைக்குள் மூடிக்கொண்டாள். விஜயசங்கர் முதல் கோப்பையில் ஒரு வீட்டின் பெயரைச் சொன்னார், தவறு. இரண்டாவதும் தவறு. மூன்றாவது, பிள்ளைகளுக்காக வாங்கிவைத்திருந்த ஆப்பிள் ஜூஸ் சோடா. விளையாட்டுக்காக அம்மாளே ஊற்றிவைத்தது. அவர் அதை வெகுநேரம் முகர்ந்து, பதினைந்து வருடம் நிலவறையில் இருந்தது என்றார்.

"பதினஞ்சு வருசமா? அண்ணாச்சி, அது போன வாரம் மார்க்கெட்ல வாங்குனதுல்லா!" என்று தென்காசிப் பாத்திரக்கடைக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். விஜயசங்கரும் சிரித்தார். கோப்பையைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டு, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குப் போனார்.

மாலை ஐந்து மணிக்கு ஒன்பதாம் அறையிலிருந்து ஸ்டோருக்குப் போன் வந்தது. "ஒரு பாட்டில் கொடுத்துவிடும்மா. எதுவானாலும் சரி." பெர்சிஸ் ஒன்றை எடுத்துக் காதில் வைத்தாள். சத்தமில்லை. இன்னொன்றை எடுத்தாள். அதிலும் இல்லை. கேஸ் இறங்கிவிட்டதோ என்று, இரண்டாம் அறைக்காரரை மனதில் நினைத்து அதே பாட்டிலை வைத்தாள். பங்காளி வழக்கு பற்றி ஒரு குரல் படபடவென்று கொட்டியது. மறுபடி ஒன்பதாம் அறையை நினைத்தாள். கிணற்றுக்குள் காதை வைத்ததுபோல இருந்தது. மீதியிருந்த நாற்பது பாட்டிலையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். நாற்பதும் மௌனம். இத்தனை வருடத்தில் பயமே இல்லாத மனிதர் ஒருவரையும் அவள் கேட்டதில்லை. நாளைக்கு என்று ஒன்று இருக்கிறவன் அதில் ஏதாவது ஒன்றுக்குப் பயந்தே ஆகவேண்டும். அப்படியென்றால், இவருக்கு நாளை இல்லை. இது புரிந்ததும் மற்றவர் பயமெல்லாம் அவளை விட்டு விலகி, அவளுடைய சொந்தப் பயம் மட்டும் நின்றது. "யேசப்பா, எனக்கு வார்த்தை தாரும்," என்று சொல்லிக்கொண்டு தட்டைத் தூக்கினாள்.

அறை துப்புரவாக இருந்தது. பெட்டி கட்டியிருந்தது. கடிகாரம், கார் சாவி, மோதிரம் மூன்றும் ஒட்டிய ஒரு கடித உறையின் மேல் வரிசையாக இருந்தன. அவர் ஜன்னலோரம் நின்று, சாதாரணமான குரலில், "வச்சிட்டுப் போம்மா," என்றார். வேதவசனம் சொல்லலாம் என்று வழியெல்லாம் நினைத்து வந்தவளுக்கு ஒரு வசனமும் வரவில்லை. வராந்தாவில் தரை துடைக்கும் முப்பிடாதியம்மாள் வாளியை இழுக்கும் சத்தம் கேட்டது. பெர்சிஸ் வாயில் வந்தது அந்தக் கிழவியின் காரியம்தான்.

"சார், நாளைக்குக் காலையில ஆறு மணிக்குத் தென்காசி வரைக்கும் வண்டி எடுக்க முடியுமா?"

"நாளைக்கா?" என்றார் அவர், தெரியாத பாஷையில் ஒரு சொல்லைக் கேட்டவரைப்போல.

"முப்பிடாதி ஆச்சிக்குக் கண் ஆபரேசன். ஏழு மணிக்கு அங்கன இருக்கணும்னு சொல்லியிருக்காவ. மரம் விழுந்து கெடக்கதுல பஸ்சு வருமோ என்னமோ. இத விட்டா அடுத்த முகாம் தையிலதான்."

முப்பிடாதியம்மாள் துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தாள். "யாரு, இந்த சாரா கூட்டிட்டுப் போவப்போறாவ? ஆப்பிளுக்கும் சாராயத்துக்கும் வித்தியாசம் தெரியாதவியளா? வழி தெரியுமாய்யா?"

விஜயசங்கர் கிழவியையே பார்த்தார். "வழி கண்ணாலதானே பாக்கணும் ஆச்சி. அது எனக்கு இருக்கு," என்றார்.

"அப்பம் சரி. எனக்கு அது இல்ல. வெறும் வயித்தோட வரச்சொல்லியிருக்கு, நேரமாக்கிராதிய. பசி தாங்கமாட்டேன், ஏசிப்போடுவேன்."

அவர் மேசையிலிருந்த கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை எடுத்து, எதற்காகவோ அதன் திருகைத் திருப்பிச் சாவி கொடுத்தார். பெர்சிஸ் பாட்டிலைத் துடைப்பதுபோல எடுத்துக் காதருகே கொண்டுபோனாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, அடியாழத்திலிருந்து ஒற்றைக் குமிழி ஏறி வருவதுபோல, 'தூங்கிவிட்டால்?' என்றது. கொஞ்சம் பொறுத்து, 'கிழவி வாசலிலேயே நின்றுகொண்டிருப்பாளே' என்றது.

"இது வேண்டாம் சார். காலையில வண்டி ஓட்டணும்லா," என்று சொல்லிப் பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். சுடலைமுத்துவிடம், போய் சாரிடம் மன்னிப்புக் கேள், கேட்டுவிட்டு உடனே எழுந்து வந்துவிடாதே என்றாள். அவன் தோசையும் சட்னியும் கொண்டுபோய், அவரோடேயே உட்கார்ந்து தின்று, குரங்குகளின் தப்பை எல்லாம் ஒப்பித்து, அந்த அறையிலேயே பாய் போட்டுக்கொண்டான். அவள் வரச்சொன்னதும் கிங்ஸ்லி வந்து வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

காலை ஐந்தேகாலுக்கே கார் ஹாரன் அடித்தது. போகிற வழியில் சாலைக்குக் குறுக்கே கிளை கிடக்க, அவரே இறங்கி இழுத்துப் போட்டதாக முப்பிடாதியம்மாள் பிற்பாடு சொன்னாள். கட்டுப் பிரிக்க மறுநாள், மருந்து மாற்ற அடுத்த வாரம், அடுத்த கண்ணுக்குத் தையில் என்று அவர் கார் போய்வந்துகொண்டே இருந்தது. அந்த உறையை அவர் கிழித்துக் கால்வாயில் விட்டார். அகிலாண்டேஸ்வரி அம்மாளிடம் தன் மூக்கைப் பற்றித் தானே போய்ச் சொன்னார். சிரித்தவர்களில் முதலில் அழுதது அம்மாள்தான். ஒரு மாதத்தில் ஆறு ஷாம்பேனும் தேர்வாயின. குமிழி எவ்வளவு பொடியாக, எவ்வளவு நேரம் ஏறுகிறது என்று அவர் கண்ணால் பார்ப்பார், நுரை நாக்கில் எப்படி உடைகிறது என்று சொல்வார். பெர்சிஸ் வாசனையை முகர்ந்து, பலாச்சுளை, சுட்ட ரொட்டி, மழை விழுந்த சுண்ணாம்புச் சுவர் என்று தனக்குத் தெரிந்ததைச் சொல்வாள். அதிலிருந்து அவர் வீட்டின் பெயரைச் சொல்வார். தக்கையைப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக இருந்தது.

இப்போது அந்த விடுதியில் ஷாம்பேன் கேட்டால், பாட்டில் முதலில் ஸ்டோர் அம்மாவின் காதுக்குப் போய்விட்டுத்தான் மேசைக்கு வரும். பிரான்சில் அப்படித்தான் வழக்கம் போலும் என்று விருந்தினர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஒருவரும் விளக்கம் கேட்பதில்லை. பாட்டில் பேசாமல் இருந்தால் அதை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு, பெர்சிஸ் தானே அறைக்குப் போய், மறுநாள் காலையில் செய்யவேண்டிய ஓர் உதவி கேட்பாள். அன்றிரவு அந்த வராந்தாவில் கிங்ஸ்லியின் நாற்காலி இருக்கும். பரீட்சைக்குப் போகும் பிள்ளையைக் கடையநல்லூரில் இறக்கிவிடவேண்டும், அல்லது மீன்தொட்டிக்கு ஏழு மணிக்குத் தீனி போடவேண்டும், அல்லது சுடலைமுத்துவின் மகளுக்கு ஒரு கணக்கு சொல்லிக்கொடுக்கவேண்டும். சென்ற ஆவணியில் மூன்று பாட்டில்கள் மௌனமாக இருந்தன. மூன்று பேருக்கும் வேலை கொடுக்கப்பட்டது.