காலைத் தொட்டால் வழி

அக்காவின் குதிகால் தங்கையின் மூக்கில் விழுந்தது. தெரியாமல் பட்டதல்ல. நீந்தும்போது கால் மேலும் கீழுமாகத்தான் போகும். இது நேராகப் பின்னால் வந்தது.

தங்கை லேன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தும்மினாள். ரத்தம் தண்ணீரில் நூலாக இறங்கியது.

“சிறுசு, ஏன் நின்னுட்டே?” கரையிலிருந்து கோச் கேட்டார்.

“மூக்குல அடிபட்டுடுச்சு, கோச்.”

“மூக்காலயா நீந்தறே? போ.”

போனாள்.

கல்லூரி நீச்சல் அணி குளிர்காலப் பயிற்சிக்கு வந்திருந்தது. திறந்தவெளிக் குளம். தண்ணீரைச் சூடாக்கும் இயந்திரம் பாதி நேரம் ஓடாது. ஒரு லேனில் மூன்று பேர். ஒரு பக்கமாகப் போய் மறுபக்கமாகத் திரும்ப வேண்டும். பின்னால் வருகிறவள் முன்னால் போகிறவளின் காலைத் தொட்டால், முன்னால் போகிறவள் சுவர் வந்ததும் ஒதுங்கி வழிவிட வேண்டும். நீச்சல்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி.

அக்காவுக்குக் கல்லூரியில் கடைசி வருடம். தங்கைக்கு முதல் வருடம். அணி அவர்களைப் பெரிசு, சிறுசு என்று கூப்பிட்டது. ரிலேயில் மூன்று இடங்கள் முடிவாகிவிட்டன. நான்காவது இடம் இவர்கள் இருவரில் ஒருத்திக்கு. “முகாம் முடியறப்ப லேன்ல யார் முன்னாடி போறாளோ அவதான்” என்று கோச் சொல்லியிருந்தார். அக்கா முன்னால் இருந்தாள். தங்கை வேகமாக இருந்தாள்.

மத்தியானம் அறையில் தங்கை மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு நின்றாள். ஜன்னல் கம்பிகளில் நீச்சலுடைகள் சொட்டிக்கொண்டிருந்தன.

“காலைத் தொட்டேன்ல? வழி விட வேண்டியதுதானே?”

“அக்கா காலைத் தொட்டா ஆசீர்வாதம் கிடைக்கும். வழியெல்லாம் கிடைக்காது.”

மேல் கட்டிலில் படுத்திருந்த தவளை சிரித்தாள். தவளை என்பது அணி வைத்த பெயர்; அதே லேனில் மூன்றாவதாக வருகிறவள் அவள். ரிலேயிலும் மூன்றாவது ஆள்.

தங்கை கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வீசினாள். எவர்சில்வர் பாட்டில். அக்காவின் காதில் பட்டது. அக்கா எழுந்து வந்து அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, தலையை அலமாரிக் கதவில் மோதினாள். தகரம் நெளிந்தது. தங்கை அக்காவின் முன்னங்கையைக் கடித்தாள். தோல் கிழியும்வரை விடவில்லை.

“கொஞ்ச நேரம் தூங்க விடுங்கடி” என்றாள் தவளை, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டே.

போன் அடித்தது. அம்மா.

“ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கீங்களா?”

“ஒட்டிக்கிட்டுதான் இருக்கோம்மா” என்றாள் அக்கா. தங்கையின் தலைமுடி இன்னும் அவள் பிடியில் இருந்தது.

மறுநாள் காலையில் தங்கை இரண்டு முறை காலைத் தொட்டாள். அக்கா இரண்டு முறையும் சுவரில் ஒதுங்கவில்லை. மூன்றாம் முறை தங்கை தொடவில்லை. சுவர் நெருங்கும்போது விலகி, லேனின் நடுவுக்கு வந்தாள். முந்திவிடலாம் என்று கணக்கு.

அதற்குள் அக்கா குட்டிக்கரணம் போட்டுத் திரும்பிச் சுவரை உதைத்திருந்தாள். கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நீட்டி, தண்ணீருக்கடியில் வந்தாள். நீச்சல் கண்ணாடிக்குள் கண்கள் திறந்திருந்தன. பார்த்தாள். தங்கையும் பார்த்தாள். விலக இருவருக்குமே இடம் இருந்தது.

எதிரெதிராக வரும்போது இரண்டு வேகமும் கூடும். அக்காவின் விரல்கள் தங்கையின் வாயில் இறங்கின.

சின்ன மருத்துவமனை. டாக்டர் அக்காவின் நடுவிரலைப் பிடித்து இழுத்தார். சொடக்குப் போட்டதுபோல் சத்தம் வந்து, எலும்பு இடத்தில் உட்கார்ந்தது. தங்கையின் மேலுதட்டில் தையல். முன்பல் ஒன்று போய்விட்டது. தவளை மூழ்கி எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருந்தாள், பாதிதான் இருந்தது.

கோச் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“தப்பு யார் மேல? பண்ணினவ சாயங்காலம் பஸ் ஏறணும். இன்னொருத்தி ரிலேல இருப்பா. அடுத்த மாசப் போட்டிக்குள்ள ரெண்டுமே ஆறிடும்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“நான் பார்க்கல, கோச்” என்றாள் அக்கா.

பொய் என்று தங்கைக்குத் தெரியும். நானும் பார்த்தேன், நானும் விலகவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் இல்லை. வாய் முழுக்கப் பஞ்சு. ஜாடை காட்டியிருக்கலாம். அவள் ஒரு விரலைத் தூக்கி அக்காவைக் காட்டினாள்.

அக்கா மறுக்கவில்லை.

“சரி. பெரிசு, துணியெல்லாம் எடுத்து வை” என்று சொல்லிவிட்டுக் கோச் பஸ் நேரம் விசாரிக்க வெளியே போனார்.

அக்கா எழுந்து இடக்கையால் அறைந்தாள். தங்கையின் தலை சுவரில் இடித்தது. தையல் ஒன்று விட்டு, பஞ்சு மறுபடி சிவந்தது. அக்கா அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

“ரிலேல தவளை வந்து சுவரைத் தொடறதுக்கு முன்னாடி பாஞ்சுடாதே” என்றாள். “நாலு பேரையும் சேர்த்து வெளிய அனுப்பிடுவாங்க. உனக்குத்தான் பொறுமையே கிடையாதே.”

தங்கை காலைத் தூக்கி உதைத்தாள். முழங்காலுக்குக் கீழே, எலும்பின்மேல். நன்றாகவே பட்டது.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். நொண்டிக்கொண்டே துணி எடுத்து வைக்கப் போனாள்.