அவள் நின்ற நேரம்

"நிறுத்து."

மச்சினன் ரிமோட்டைத் தேடினான். அதற்குள் தொலைக்காட்சியில் அவள் இன்னும் ஓர் அடி வைத்தாள். கால் எழுந்து, காற்றில் தங்கி, இறங்கியது. பின்னணியில் பியானோ.

"ஏன் மாமா, நல்லா இல்லையா?"

"ஸ்லோ பண்ணியிருக்கே."

"லேசாத்தான். அப்படியே ஓட்டினா ஏதோ காமெடி மாதிரி இருந்துச்சு. வர்றவங்க பார்க்கணும்ல."

மருத்துவமனை வண்டி வரும் நேரம். முன்னறையில் அவன் மனைவியின் உடலைக் கிடத்த இடம் ஒழித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகள் மாடிக்குப் போய்விட்டன. சாப்பாட்டு மேஜை மட்டும் மிச்சம்.

"இருக்கட்டும் மாப்பிள்ளை," என்றார் மாமியார், சுவரோரத்திலிருந்து. "அவ நடையே அப்படித்தானே. நிதானமான பொண்ணு."

அவள் நிதானமானவள் இல்லை. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டியவள். கடைசி மாதம் வரைக்குமா என்று அவன் யோசித்தான். தெரியவில்லை.

"திரும்பப் போடு. பாட்டு வேண்டாம்."

இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று மச்சினன் எடுத்தது. அவள் அசைகிற காட்சி உலகத்தில் இது ஒன்றுதான். கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அன்று அவனும் அவளும் இந்தச் சாப்பாட்டு மேஜையைத் தூக்கி வந்ததால் முடியவில்லை. அவன் முன்னால், அவள் பின்னால். விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் அவள் நிற்கிறாள். தலை குனிகிறது. வாய் திறக்கிறது. தோள் ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. பிறகு நிமிர்ந்து சிரிக்கிறாள்.

சிரிப்பு தாங்காமல்தான் நின்றாள். அவனுக்கு அப்படித்தான் ஞாபகம். மெதுவாக ஓடும் திரையில் அப்படி இல்லை. திரையில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

டாக்டர் நேற்று கேட்டிருந்தார். "இதயத்துல இது ரொம்ப நாளா இருந்திருக்கணும். நடக்கும்போது மூச்சு வாங்கி நிப்பாங்களா?" இல்லை என்று உடனே சொல்லியிருந்தான்.

"ஒரிஜினலைக் குடு."

"அதுமேலேயே சேவ் ஆயிடுச்சு மாமா. பாட்டு போட்டதுல பழைய சத்தமும் போச்சு."

"எவ்வளவு ஸ்லோ பண்ணே?"

"போன்ல வேகத்தைக் கையால இழுக்கிறதுதானே. ஒருதடவை இழுத்தேன், பத்தலை. மறுபடி கொஞ்சம்." அவன் முகம் மாறியது. "தப்பா பண்ணிட்டேனா?"

அவள் இருந்திருந்தால் இதற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாள். அவள் வேலையே வேகம்தான். திரைப்படக் காப்பகத்தில், போர்க்காலத்துச் சுருள்களும் போர் முடிந்த வருடங்களின் சுருள்களும் அவள் மேஜைக்கு வரும். சாவி கொடுத்து ஓட்டிய கேமராக்களில் எடுத்தவை. சாவி தளரத் தளர வேகமும் தளரும், நொடிக்குப் பதியும் படங்கள் குறையும். இன்றைய இயந்திரத்தில் அப்படியே ஓட்டினால் ரேஷன் வரிசையில் நிற்பவர்கள் துள்ளுவார்கள். இடிந்த வீட்டிலிருந்து செங்கல் சுமக்கும் பெண்கள் பொம்மை போல ஓடுவார்கள்.

"அந்தக் காலத்து ஜனங்க எல்லாம் குடுகுடுன்னு ஓடினாங்கன்னு ஊரே நம்பிட்டிருக்கு," என்பாள். "பசியில இருந்தவங்க எங்கேர்ந்து ஓடுவாங்க?"

ஒருமுறை அவனுக்கு ஒரு சுருளைக் காட்டினாள். ரயிலடி. போரிலிருந்து ஒருவன் திரும்பி வருகிறான். மனைவி பாய்ந்து கட்டிக்கொள்கிறாள். அவன் சிரித்துவிட்டான். அவள் வேகத்தைக் குறைத்து மறுபடி ஓட்டினாள். இப்போது அந்தப் பெண் பாயவில்லை. முதலில் நின்றாள். வந்திருப்பவன் தன் புருஷன்தானா என்று பார்த்தாள். பிறகுதான் நடந்தாள்.

வாசலில் கத்திரி வந்து நின்றார். காப்பகத்தில் அவளோடு வேலை பார்த்தவர். எந்தச் சுருளைக் கொடுத்தாலும் வெட்டி ஒட்டலாமா என்று கேட்பாராம், அதனால் அவள் வைத்த பெயர். கனத்த மனிதர். அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். விஷயத்தைக் கேட்டதும் மச்சினனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க அக்கா மட்டும் இருந்திருந்தா, உன்னைச் சுருளா சுத்தி டப்பாவில போட்டு மூடியிருப்பா."

மாமியாருக்குக் கூடச் சிரிப்பு வந்தது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

கத்திரி படத்தை மூன்று தடவை பார்த்தார். "ஏதாவது கீழ விழணும் தம்பி. இல்ல ஒரு வண்டி போகணும். அதை வச்சு நிஜ வேகத்தைக் கணக்குப் போட்டுடுவோம். இதுல ஒண்ணுமே இல்லையே. நீங்க ரெண்டு பேரு, ஒரு மேஜை."

"அப்ப முடியாதா?"

"ஒண்ணுமே கிடைக்காதப்ப பாப்பா ஆளுங்க நடையை வச்சுத்தான் வேகத்தைப் பிடிப்பா. அங்க எல்லாரும் செத்தவங்க, ஊகம்தான். இங்க நீங்க இருக்கீங்களே." மேஜையைத் தட்டினார். "எப்படியும் இதை வெளியில போடணும். கம்பத்திலேர்ந்து வாசல் வரைக்கும் அன்னிக்கு நடந்த மாதிரி நடங்க. உங்க நடை கிடைச்சா அவ நடையும் கிடைச்சிடும். நின்ன நேரமும்."

மேஜைமேல் இருந்த தம்ளர்களை மாமியார் எடுத்துவைத்தார்.

வெயில் ஏறியிருந்தது. கம்பத்துக்கு அப்பால் மேஜையைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி நின்றார்கள். அவன் முன்னால், கைகளைப் பின்னால் கொடுத்து. கத்திரி பின்னால். மச்சினன் போனில் படத்தை ஓடவிட்டு அவர்களையும் அதையும் மாறிமாறிப் பார்த்தான். எதிர்வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

நடந்தார்கள்.

"மெதுவா வர்றீங்க மாமா. அப்ப இப்படி இல்ல."

மறுபடி கம்பத்துக்குப் போனார்கள்.

"இப்ப ஓடுறீங்க."

"இந்தக் கனத்தையா பாப்பா தூக்கினா?" என்றார் கத்திரி.

மூன்றாவது தடவை மச்சினன் எதுவும் சொல்லவில்லை. கிட்டே வந்த பிறகு, "சரியாத்தான் இருக்கு போல," என்றான். "ஆனா அதுல நீங்க பேசிட்டே வர்றீங்க மாமா. என்ன பேசினீங்க?"

ஞாபகம் இல்லை. மேஜையைத் திட்டியிருக்கலாம். அவளைச் சீண்டியிருக்கலாம். வீட்டு வாடகையாகவும் இருக்கலாம். எதைப் பேசினானோ அதற்குத் தக்க வேகத்தில்தான் நடந்திருப்பான்.

"இன்னொரு தடவை," என்றான்.

"தம்பி..."

"ஒரே தடவை."

கம்பத்தைத் தாண்டினார்கள். "இங்கதான் அக்கா நின்னா," என்றான் மச்சினன். நின்றார்கள்.

"எவ்வளவு நேரம் நிக்கணும்?" கத்திரி பின்னாலிருந்து கேட்டார்.

அவன் முன்னால் பார்த்தான். எதிரே தெரு மட்டும் தெரிந்தது. வீட்டு வாசல், கழுவிவிட்ட படி, பக்கத்து வீட்டு மதில். அன்றும் இவ்வளவுதான் தெரிந்திருக்கும். மேஜை இழுபட்டதும் நின்றான். சிரிப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினான். அதற்கு முன்னால் அவள் பக்கம் அவன் முதுகுதான் இருந்தது.

முதுகுக்குப் பின்னால் கத்திரிக்கு மூச்சு வாங்கியது. நன்றாகக் கேட்டது. உள்ளே போய், சிக்கி, விசிலடித்துக்கொண்டு வெளியே வந்தது. கையெட்டும் தூரம்தான், அன்று அவள் நின்றதும்.

"சொல்லுங்க தம்பி. ரெண்டு நொடியா? கூடவா?"

மச்சினன் போனைக் காட்டினான். "இதைப் பார்த்தா..."

"காட்டாதே."

தெருமுனையில் மருத்துவமனையின் வெள்ளை வண்டி திரும்பியது. மெதுவாக, வீட்டு எண்களைப் பார்த்தபடி வந்து, அவர்களுக்கு எதிரே நின்றது. மேஜையைத் தாண்டிப் போக வழி இல்லை.

"மாமா, வந்துட்டாங்க."

"வச்சிடலாமா தம்பி?" என்றார் கத்திரி. "கை விட்டுப் போகுது."

அவன் கைகளைத் தளர்த்தவில்லை. பின்னால் திரும்பவும் இல்லை. வீட்டுக்குள்ளிருந்து யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது.

ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.