குழாய்க்கு இனிப்பு

ஊறவைத்த கேழ்வரகை அரைத்து, பழைய வேட்டித் துணியில் பாலாகப் பிழிந்து, அடுப்பில் கைவிடாமல் கிளறினால் குறுக்கு என்கிற கூழ். திருவனந்தபுரத்துக் கரமனையில் எல்லாக் குழந்தைகளும் இதைச் சாப்பிட்டுத்தான் வளர்கின்றன. என் ஜானவிக்கு மட்டும் அதைத் தண்ணீராகக் கரைத்து மூக்குக் குழாய் வழியே விடவேண்டும். இரண்டு வயதாகியும் அவளுக்கு விழுங்கத் தெரியாது. இனியும் தெரியப்போவதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆனாலும் என் கணவர் தினமும் அதில் வெல்லம் தட்டிப் போட்டு, “இனிப்பு போறுமா பாரு” என்று என்னிடம் கரண்டியை நீட்டுவார்.

இன்று காலை வெல்லத்திலிருந்த கரும்புச் சக்கை குழாயை அடைத்துவிட்டது. தீராத நோயாளிகளை வீடு தேடி வந்து கவனிக்கும் பாலியேட்டிவ் சிஸ்டர் புதுக் குழாய் மாட்டும்போது குழந்தை துடித்துப்போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏன்னா, குழாய்க்கு நாக்கு இருக்கா? ஆருக்காக்கும் இந்த வெல்லம்?”

அவர் ஆபீஸுக்குக் கிளம்பிப் போனார்.

மத்தியானம் வெல்லம் போடாமலே காய்ச்சினேன். ஒரு சொட்டை ஜானவியின் உதட்டில் தடவினேன். நாக்கு அசையவில்லை. சொட்டு அப்படியே முகவாயில் வழிந்தது. துடைத்துவிட்டேன்.

பிறகு வெல்லத்தைக் கரைத்து, நன்றாக வடிகட்டி, குறுக்கில் ஊற்றினேன். நக்கிப் பார்த்தேன். இனித்தது. அதை அவளிடம் சொல்லிவிட்டுக் குழாயில் விட்டேன்.