பட்டனை விடாதவர்கள்

வீடியோ கேம் செய்கிற கம்பெனிகளில் பிழை கண்டுபிடிப்பதற்கென்றே ஆள் வைத்துச் சம்பளம் கொடுப்பார்கள். இந்தக் கம்பெனியில் அந்த வேலைக்கு மூத்தவன் சோடாபுட்டி. கதவு திறக்காவிட்டாலும் புகார் எழுதுவான், குதிரைக்கு ஐந்தாவது கால் முளைத்தாலும் எழுதுவான். அவன்தான் அக்கா செய்த கடைசிக் காட்சியைப் பார்த்துவிட்டு, இந்த இடத்தில் கேம் அப்படியே நின்றுவிடுகிறது என்று எழுதி அனுப்பினான்.

அக்கா என்றால் ஆபீஸ் முழுவதற்கும் அக்கா. நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டும் பிழை சிக்கவில்லை. கடைசியில் அவன் ஆடும்போது பின்னால் நின்று பார்த்தாள். பிழையாவது மண்ணாவது. அவன் பட்டனிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது கூட ஒற்றைக் கையால்தான்.

காட்சி இதுதான். நோயாளி அப்பாவைக் கடல் பார்க்கக் கூட்டிப்போகிறாள் ஒரு மகள். கரையில் அவர் படுத்துவிடுகிறார். பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் மகள் அவர் கையைப் பிடித்திருப்பாள். விட்டால் அவர் போய்விடுவார், கதை நகரும். ஆடிப் பார்த்தவர்கள் பாதிப்பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுத்தியபடியே உட்கார்ந்திருந்தார்கள். சிலர் டிவியையே அணைத்துவிட்டு எழுந்துபோனார்கள்.

முடிவே வராத கேமை எவன் வாங்குவான் என்று முதலாளி கேட்டதில் நியாயம் இருந்தது. கொஞ்ச நேரம் ஆனதும் கை தானாக நழுவட்டும் என்றார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. வெளியாள் இன்னும் ஒருவரை ஆடவிட்டுப் பார்ப்போம், அவரும் விடாவிட்டால் உங்கள் இஷ்டம் என்று கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கினாள்.

ஒரு கடிகாரம் அந்தக் கையைப் பிரித்துவிடுவதை அவளால் தாங்க முடியாது. போன வருஷம் சொந்த அப்பா போனபோது அவள் பக்கத்தில் இல்லை. குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்தது தம்பி. அவன் ஒரு போன் பண்ணியிருந்தால் விழுந்தடித்து ஓடி வந்திருப்பாள். பண்ணவில்லை. அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. எது சொல்வதானாலும் அம்மா வழியாகப் போகும், அம்மா வழியாகவே திரும்பி வரும். இரண்டு பக்கமும் செய்தி சுமந்தே அம்மாவுக்குத் தொண்டை வறண்டது.

வருவதாக இருந்த வெளியாள் காய்ச்சல் என்று கழன்றுகொண்டார். காலையில் அதை அம்மாவிடம் புலம்பித் தொலைத்தாள். மதியம் ஆபீஸ் வாசலில் வந்து நின்றது தம்பி. லிப்ட் மெக்கானிக், விரலெல்லாம் கிரீஸ்.

அம்மா அனுப்பினாங்க என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். வேறு ஆள் தேட நேரமில்லை. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அவனை உட்காரவைத்தாள்.

ஆடுகிற அறைக்கும் பார்க்கிற அறைக்கும் நடுவில் கண்ணாடி. இந்தப் பக்கம் இருப்பவர்கள் ஒரு வார்த்தை பேசக்கூடாது, உதவக்கூடாது. அதுதான் அந்தத் தொழிலின் சட்டம். தம்பி கடைசிப் பகுதியைத் தட்டுத்தடுமாறி ஆடினான். ஆடும்போது நாக்கை ஓரமாகக் கடித்துக்கொள்ளும் சின்ன வயசுப் பழக்கம் இன்னும் போகவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

கரை வந்தது. அப்பா படுத்தார். தம்பி பட்டனை அழுத்தினான். அழுத்தியவன் விடவில்லை. பார்த்தாயா என்பதுபோல் முதலாளி தலையை ஆட்டினார். அப்போதுதான் தம்பியின் தோள் குலுங்குவதை அக்கா கவனித்தாள். சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோது கூட அழாத கல்நெஞ்சுக்காரன் என்று அவனைப்பற்றிச் சொந்தக்காரர்களில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரிடமும் அவள் சொல்லி வைத்திருந்தாள்.

சட்டமாவது ஒன்றாவது என்று கதவைத் திறந்து உள்ளே போனாள்.

"விடுடா. விட்டாதான் கதை மேல போகும்."

"மாட்டேன்கா. அன்னைக்கு நான் விட்டது போதும்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் திரையைப் பார்த்தபடியே சொன்னான். அப்பாவுக்கு மூச்சு மாறியதும் அவளைக் கூப்பிடப் பார்த்திருக்கிறான். வார்டுக்குள் போனுக்கு சிக்னல் இல்லை. பிடித்திருந்த கையை விட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடியிருக்கிறான். நம்பரை அழுத்துவதற்குள் நர்ஸ் பின்னாலேயே வந்துவிட்டார்.

அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏன்டா இத்தனை நாள் சொல்லல?"

"சொன்னா, உன்னைக் கூப்பிடப் போய்த்தான் அவர் தனியா போனார்னு ஆயிடும்ல. அதுக்கு நீ என்மேல கோவமா இருக்கறதே தேவலைன்னு இருந்துட்டேன்."

இவனையா அத்தனை பேச்சுப் பேசினோம் என்று அவளுக்குத் தன் வாய்மேலேயே வெறுப்பு வந்தது. ஸ்பீக்கரில் முதலாளியின் குரல் வந்தது, கேம் நின்றுவிட்டதா என்று கேட்டார்.

"நிக்கல சார். கொஞ்சம் இருங்க."

தம்பியின் கிரீஸ் விரல்மேல் தன் கட்டைவிரலை வைத்து அவளும் அழுத்தினாள்.

"நானும் பிடிச்சுக்கறேன். போதும்னு உனக்குத் தோணும்போது சொல்லு, ரெண்டு பேரும் சேர்ந்து விடலாம்."

அவன் சொல்வதற்கு வெகுநேரம் ஆயிற்று. அவள் அவசரப்படுத்தவில்லை.