மெரூனுக்கு அடியில்

ரிமூவரில் நனைத்த பஞ்சை அம்மாவின் கட்டைவிரல் நகத்தில் வைத்து அழுத்தினாள் அமீரா. மெரூன் கரைந்து பஞ்சில் ஏறியது. நேற்று சாயங்காலம் இதே அறையில் உட்கார்ந்து அவளே போட்டுவிட்டது. இரண்டு பூச்சு, நடுவில் நன்றாகக் காயவிட்டு, தோலில் ஒரு பொட்டு வழியாமல். அம்மா விரல்களை விரித்து ஊதிக்கொண்டே, அத்தா பார்த்தால் கல்யாணப் பொண்ணா என்று கேட்பார் என்று சிரித்தாள். காலையில் குளியலறையில் விழுந்தாள். ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் போய்விட்டாள்.

அமீராவுக்கு அழுகை வரவில்லை. மய்யித்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்திய பிறகும் வரவில்லை. மண்டையில் யாரோ அடித்துவிட்டுப் போன மாதிரி காதுக்குள் ஒரே இரைச்சல். கை மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

"மெதுவா எடும்மா. அசர் தொழுகைக்குப் பொறவுதான் அடக்கம், டைம் இருக்குலா," என்றார் ஷாஹிரா அக்கா. குளிப்பாட்டுவதற்காகப் பள்ளிவாசலிலிருந்து வந்தவர்.

பாலிஷ் இருந்தால் நகத்தில் தண்ணீர் படாது, குளிப்பாட்டியது நிறைவேறாது. உயிரோடு இருப்பவர்களுக்கும் அதே கதைதான். தொழுமுன் கைகால் கழுவுகிற ஒளு சேராது, ஒளு இல்லாமல் தொழுகை இல்லை. அதனால் டத்தோ கிராமாட் வட்டாரத்தின் அந்த வீட்டில் அம்மாவும் மகளும் நகத்துக்கு நிறம் பூசுவது, மாதத்தில் தொழுகை இல்லாத அந்தச் சில நாட்களில் மட்டும். அம்மா அதை லீவு என்பாள். லீவு முடிந்ததும் முதல் வேலை, பாலிஷைத் துடைத்துப் போடுவது.

ஈப்போவில் வேலை பார்க்கும் அமீரா இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவாள். நோன்புப் பெருநாளிலிருந்து அவள் வந்தபோதெல்லாம் அம்மா லீவில்தான் இருந்தாள். "நீ வர்ற நாள் பாத்துத்தான் எனக்கும் லீவு வருது, பாரேன்," என்று துடைத்து வைத்த சுத்தமான விரல்களை நீட்டுவாள். அமீராவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒவ்வொரு தடவையும் புது நிறம் வாங்கி வந்தாள்.

நகமெல்லாம் வெளுத்து, தொட்டால் உடைகிறது என்று கண்டுபிடித்ததும் அவள்தான். கண்டுபிடித்து என்ன கிழித்தாள்? படுக்கும்முன் தேங்காய் எண்ணெய் தேய்க்கச் சொன்னாள். பாத்திரம் கழுவக் கையுறை வாங்கிக் கொடுத்தாள். நகம் தேய்க்கும் ஃபைலை ஒரே பக்கமாக இழுக்க வேண்டும், ரம்பம் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுக்கக் கூடாது என்று பாடம் வேறு எடுத்தாள். அம்மாவும் நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டினாள். கால் விரல்களை மட்டும் தொடவிட மாட்டாள். மகள் குனிந்து காலைப் பிடித்துக்கொண்டிருப்பது கூச்சமாக இருக்கிறது, தானே போட்டுக்கொள்கிறேன் என்று பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்வாள்.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் பெண் கேட்ட கேள்வி காலையிலிருந்து அமீராவை விடவில்லை. உடம்பில் ரத்தமே இல்லை, எத்தனை நாளாக உதிரப்போக்கு என்று அவள் கேட்டாள். அத்தா முகம்மது சுல்தான் திகைத்துப்போய் மகளைப் பார்த்தார். அமீரா தெரியாது என்று தலையாட்டினாள். நேற்றுதான் லீவு தொடங்கியது என்று அம்மா சொல்லியிருந்தாள். ஒரே ராத்திரியில் ஒரு மனுஷிக்கு அவ்வளவு ரத்தமா போகும்?

கை விரல்கள் முடிந்தன. அமீரா கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து புதுப் பஞ்சை நனைத்து வலது பெருவிரலில் வைத்தாள். மெரூன் போனது. ஆனால் அடி ஓரத்தில் புதிதாக வளர்ந்த கீற்றைத் தவிர நகம் தெரியவில்லை. அடியில் காப்பி நிறம் இருந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவள் வாங்கி வந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தாள். காப்பிக்கும் அடியில், நகத்தின் மேல்பாதியில் மட்டும், ரோஸ்.

ரோஸ் ஐந்து மாதத்துக்கு முன், நோன்புப் பெருநாளுக்குப் போட்டது. அதற்குப் பிறகு வளர்ந்த நகத்தில் ரோஸ் இல்லை.

இடது காலைப் பார்த்தாள். அங்கேயும் அப்படித்தான்.

அம்மா அழிக்கவே இல்லை. லீவு முடிந்து தொழ நின்றிருந்தால் அழித்திருப்பாள். ஒரு பொட்டு பாலிஷோடு முஸல்லா விரிப்பில் கால் வைக்கிற ஆளில்லை அவள். ரத்தம் நிற்காமல், அழிக்க ஒரு நாள் கூட அவளுக்குக் கிடைக்கவில்லை. மகள் கண்ணில் படுகிற கை விரல்களை மட்டும் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறாள்.

பதினைந்து நாளைத் தாண்டினால் அது லீவு இல்லை, வியாதி, தொழுகையையும் விடக் கூடாது, டாக்டரையும் பார்க்க வேண்டும் என்று அமீரா பெரியவளானபோது சொல்லிக்கொடுத்ததே அம்மாதான். அப்படியானால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்தும் லீவு என்றே சொல்லித் தொழாமல் இருந்திருக்கிறாள். தெரிந்துகொண்டே நேற்று விரலை விரித்து ஊதியிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு அவ்வளவு பயமா? ஒரு வார்த்தை சொன்னால் என்ன? அமீராவுக்குக் கோபம் வந்தது, போய்ச் சேர்ந்தவள் மேல் வரக் கூடாத கோபம்.

"என்னம்மா இது, பூச்சு மேல பூச்சா இருக்கு?" என்று குனிந்தார் ஷாஹிரா அக்கா. அந்த ரோஸைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவரும் ஒரு பெண்தானே, புரிந்துபோயிற்று. பஞ்சை எடுத்து இடது காலில் துடைக்க ஆரம்பித்தார்.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், ஹாலில், அத்தாவின் குரல் கேட்டது. வருகிற ஒவ்வொருவரின் ஸலாமுக்கும் பதில் சொல்லிவிட்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அவர் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நோவும் இல்லை, நேற்று சாயங்காலம்கூட மகளோடு உட்கார்ந்து நகத்துக்குக் கலர் போட்டுக்கொண்டு சிரித்தாள், அல்லாஹ் நோகாமல் கூட்டிக்கொண்டான். சொல்லச் சொல்ல அவர் குரல் கொஞ்சம் தேறிவந்தது. அவருக்கு ரோஸும் ஒன்றுதான் மெரூனும் ஒன்றுதான். இருந்துவிட்டுப் போகட்டும் என்று அமீரா நினைத்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்த நகங்கள் சுத்தமாகிவிடும், அப்புறம் யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்து அந்த மனுஷர் என்ன செய்வார்? பக்கத்திலேயே படுத்திருந்தவர்.

கடைசி விரலைத் துடைத்தபோது அத்தா திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அமீரா."

"என்னத்தா?"

"அந்த டாக்டரு கேட்டிச்சுல்ல, எத்தன நாளான்னு. அம்மா உங்கிட்ட ஏதும் சொன்னிச்சாம்மா?"

"சொல்லலத்தா."

அது பொய்யில்லை. அவருக்கு அது போதும் போலிருந்தது. பெருமூச்சு விட்டுவிட்டு நகரப் போனார்.

"நோன்புப் பெருநாள்லேர்ந்து," என்றாள் அமீரா. சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. வாய் சொல்லிவிட்டது.

திரைக்குக் கீழே அத்தாவின் பாதங்கள் தெரிந்தன. அவை அசையவில்லை. தண்ணீர் மொண்ட குவளையை ஷாஹிரா அக்கா அப்படியே கையில் பிடித்திருந்தார்.

வாசலில் யாரோ புதிதாக வந்து ஸலாம் சொன்னார்கள். கொஞ்சம் பொறுத்து, காதில் விழவில்லையோ என்று இன்னொரு முறை சொன்னார்கள்.